மந்திரிச்ச மிட்டாய்

டிசம்பர் 2

மழை. தூத்துக்குடிக்கு வந்து சில நாளாகிறது. பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. பிரித்தால் மறுபடி அடுக்க வேண்டும்.

அப்பாவின் வலது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். சர்க்கரை இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைக்க முடியுமாம். இறங்காமல் நாள் போனால் கறுப்பு மேலே ஏறும். விரலோடு போவது பாதத்தோடு போகும். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்வதுபோல இதைச் சொன்னார்.

ஜனவரி மூன்றாம் தேதி நான் கிளம்ப வேண்டும். டென்மார்க். தத்துவத்தில் ஆய்வு. நான்கு வருடம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் சொன்னேன்: "அப்பாவுக்கு ஆபரேஷன் முடியாம நான் போக மாட்டேன்." சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்த அப்பா திரும்பினார்.

"முடியாட்டி?"

"முடியாட்டி போகல."

"ஓ" என்றார். மழையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. வெளிச்சம் மாறியிருக்கலாம்.

டிசம்பர் 3

காலையில் 310. அம்மா ஊசியால் விரலில் குத்திப் பார்த்தாள். "முன்னூத்திப் பத்தா? அப்ப பாஸ்தான?" என்றார் அப்பா.

டிசம்பர் 5

அப்பா துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். பெரிய கப்பல்களுக்குக் கயிறு மாட்டி உள்ளே கொண்டுவருவார். வெளியே கொண்டுபோய் விடுவார். இப்போது கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி, காலுக்கு ஒரு முக்காலி. டிவியில் யாரோ கத்திரிக்காய் வதக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"இந்தக் கிறிஸ்மசுக்கு மிட்டாய்க் குடில் செய்வோமா லெத்தி? ஒனக்கு அஞ்சு வயசுல செஞ்சமே."

உடனே ஞாபகம் வந்தது. மாட்டுத்தொழுவத்துக்கு ஆரஞ்சு மிட்டாய்க் கூரை. சுளை சுளையாக ஓடு வேய்ந்தது. உள்ளே ஒரு சின்ன பல்பு. மிட்டாய் வழியாக வரும் வெளிச்சம். விரலில் ஒட்டிய பாகு.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "யாரு செஞ்சா?"

"நாமதான்."

"நம்ம வீட்டுல ஒரு நாளும் செஞ்சதில்ல. அது எதுத்த வீட்டு மோத்தா டீச்சர் செஞ்சது. இவ ஜன்னல்ல மூஞ்சிய வச்சித் தேச்சிக்கிட்டு நின்னா. நீங்க அப்ப ஹார்பர்ல கெடந்தீங்க."

"நீ மறந்துட்ட ரெஜினா."

"நான் ஒண்ணும் மறக்கல. நீங்க ரெண்டு பேரும் இல்லாதத நெனைக்கீங்க."

எதிர்வீட்டுப் பாகு ஜன்னல் தாண்டி என் விரலில் எப்படி ஒட்டும்? எனக்குப் பாகு நினைவிருக்கிறது. அப்பாவுக்கும் நினைவிருக்கிறது. நடந்தது என்பதற்கு இரண்டு வாக்கு, நடக்கவில்லை என்பதற்கு ஒன்று. நடந்ததாக முடிவாயிற்று.

"சுகர்காரன் வீட்டுல மிட்டாய்த் தொழுவம்" என்றாள் அம்மா. "வெளங்குனாப்பிலதான்."

டிசம்பர் 7

துணி காயவில்லை. மழை விட்ட இடைவெளியில் கடைக்குப் போனேன்.

சுவருக்குக் கடலைமிட்டாய்ப் பாளம். கூரைக்கு ஆரஞ்சு மிட்டாய். பாதையில் தூவப் பல்லி மிட்டாய். பாலனைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களுக்குக் கமர்கட்: ஒரு கமர்கட் ஒரு ராஜா. உடம்பு வேண்டாம், ராஜாக்களுக்குத் தலை போதும். ஆடுகளுக்கு மக்ரூன். இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு மக்ரூன் ஆடாகத் தெரியாமல் இருக்க முடியாது. வெள்ளை, சுருள், கடித்தால் உள்ளே ஒன்றுமில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஜவ்வுமிட்டாய்க்காரர் நின்றார்.

"அண்ணாச்சி, சூசையப்பர் செஞ்சி தருவீங்களா?"

"வாட்ச் வரும். தேள் வரும். மயில் வரும்."

"ஒரு ஆளு நிக்கிற மாதிரி..."

"ஆளு வராதும்மா. ஆளு நிக்காது."

மயில் ஒன்றும் தேள் ஒன்றும் வாங்கிவந்தேன். மயிலைப் பிசைந்து மாதா. தேளைப் பிசைந்து சூசையப்பர். மிச்சத்தில் ஒரு மேய்ப்பன்.

டிசம்பர் 9

கட்டி முடிந்தது. பாகு இறுகும்வரை அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அசையவே இல்லை. மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயை நான்தான் விரட்டினேன்.

"எடப்பக்கம் சாயுது. இன்னும் கொஞ்சம் தூக்கு. விடு. விடுட்டி, நிக்கும்."

நின்றது.

டிவிக்கு மேலே வைக்கச் சொன்னாள் அம்மா. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். வெளிச்சம் அங்குதான் நன்றாக விழுகிறது. ஆடுகளை அவர் பக்கம் மேயவிட்டேன். மேய்ச்சல் நிலம் அந்தப் பக்கம் என்று தோன்றியது.

டிசம்பர் 11

ஈரக்காற்று. மிட்டாய் வியர்க்கிறது. சூசையப்பர் மாதா பக்கமாகச் சாய்கிறார். காலையில் ஏதோ ரகசியம் சொல்பவர் போல இருந்தார். மாலையில் தோளில் தலை வைத்துவிட்டார். நிமிர்த்திவிட்டேன்.

ஒரு ஆட்டைக் காணவில்லை.

"ஆடு எங்கட்டி?" என்றாள் அம்மா.

"எறும்பா இருக்கும்."

"எறும்பு முழு ஆட்டத் தூக்கிட்டுப் போவுமா?"

"ஓநாய் வந்திருக்கும்" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிசம்பர் 12

மந்தை குறைபட்டுத் தெரிந்தது. மக்ரூன் வாங்கிவந்தேன். சர்க்கரை 334.

டிசம்பர் 14

எறும்பைப் பற்றி நாளெல்லாம் யோசித்தேன். எறும்புக்குத் தொழுவம் தெரியாது. சுவர், கூரை, மாதா என்ற வேறுபாடு தெரியாது. அதற்கு எல்லாம் ஒரே இனிப்பு. மெய்யியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இந்த வீட்டில் அதைச் சொன்னால் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

அம்மா மெய்யியல் பேசவில்லை. மேசைக் கால் நான்கையும் நான்கு கிண்ணத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றினாள்.

"இனிமே எந்த எறும்பு வருதுன்னு பாக்கேன்" என்றாள். சொல்லும்போது எறும்பைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 15

இரண்டு ஆடு, மேய்ப்பனின் இடது கை. எறும்புகள் நீந்தக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

டிசம்பர் 17

டாக்டருக்குக் குழப்பம். இன்சுலினைக் கூட்டியும் ஏறுகிறது.

"வீட்ல ஸ்வீட் ஏதாவது இருக்கா?"

"இயேசு பொறக்கப் போறாரு டாக்டர்" என்றாள் அம்மா. "மிட்டாய்ல."

டாக்டர் சிரித்தார். இது நகைச்சுவை இல்லை, தகவல் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி மக்ரூன் வாங்கினேன். அப்பா அந்த நேரம் பார்த்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 19

மாலை நான்கு மணிக்குப் பங்குச்சாமி ஃபாதர் அருள்வளன் வந்தார். கிறிஸ்மசுக்கு முன்னால் வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கிறார். அப்பாவின் நாக்கில் அப்பம் வைத்து நன்மை கொடுத்தார். குடில் பக்கம் திரும்பியவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"இது கும்பிடுறதுக்கா, திங்கிறதுக்கா?"

"அதான் ஃபாதர் இந்த வீட்டுல இப்ப வழக்கு" என்றாள் அம்மா.

"சூசையப்பர் ஏன் படுத்துக் கிடக்கார்?"

"தேளு ஃபாதர். அவருக்கு நிக்க வராது" என்றேன். ஃபாதர் நிமிர்ந்தார். பிறகு தீர்த்தச் செம்பை எடுத்தார். வேண்டாம் என்று அம்மா சொல்வதற்குள் மூன்று தடவை தெளித்துவிட்டார். ஆரஞ்சுக் கூரையில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது. மாதாவின் நீலம் ஓடிச் சூசையப்பர் மீது சேர்ந்தது.

"ஆசீர்வாதமான குடும்பம்" என்றார் ஃபாதர். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 20

வீட்டில் நெருக்கடி. நாளைக்கே அத்தனையையும் குப்பை வண்டியில் போட இருந்தாளாம் அம்மா. இப்போது முடியாது. தீர்த்தம் தெளித்தால் மந்திரிச்சது. மந்திரிச்சதைக் குப்பையில் போடக் கூடாது. உடைந்த செபமாலையைக்கூட அம்மா புதைத்திருக்கிறாள்.

"கடல்ல விடலாம்" என்றாள்.

"பொறக்கதுக்கு முன்னாலயா?" என்றார் அப்பா. "பாலன் வராம குடிலக் கலைக்கதா? அப்பமும் மந்திரிச்சதுதான் ரெஜினா. அத என்ன செய்யிறோம்? திங்கிறோம்."

"ஒங்களுக்கு விரலு போனா போதாதா, வாயும் போகணுமா?"

கிறிஸ்மஸ் முடியும்வரை குடில் இருக்கும் என்று ஆனது. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு செல்வாக்கு. நேற்று மாலை நான்கு மணிவரை அது மிட்டாய்.

டிசம்பர் 22

வெயில். மொட்டைமாடியில் துணியை விரித்துவிட்டு இறங்கி வந்தேன். கூடத்தில் அப்பா கண்ணை மூடியிருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்னப்பா?"

அசைவு நின்றது. "செபமால சொல்லுதேன்" என்றார், கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் புடைப்பாக.

செபமாலை ஆணியில் தொங்கியது. அவர் கையில் ஒரு ஆட்டின் பின்பாதி இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது.

"சொல்லுங்கப்பா" என்றேன். துணிக் கிளிப் எடுக்க வந்ததாக நினைவு வந்தது. மறுபடி மாடிக்குப் போனேன்.

டிசம்பர் 23

362. விரலின் கறுப்பு பாதத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. இருபத்தொன்பதுக்குள் சர்க்கரை இறங்கினால் விரல். இறங்காவிட்டால் கணுக்காலுக்கு மேலே. டாக்டர் தன் காலிலேயே தொட்டுக் காட்டினார். நல்ல சாக்ஸ் போட்டிருந்தார்.

விமான டிக்கெட்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியுமாம்.

டிசம்பர் 24

முந்திரிக்கொத்து. அம்மா மாவில் முக்கிப் போட, நான் அரித்தெடுத்தேன்.

"மக்ரூன் கடைக்கு எத்தன தடவ போன?"

"ஆடு கொறையுதேன்னு..."

"கொறஞ்சா கொறையட்டும். பெத்லகேம்ல எத்தன ஆடு நின்னுச்சின்னு எவன் கண்டான்?"

வெந்ததை அரித்துத் தட்டில் போட்டேன்.

"லெத்தி, இங்க பாரு. அந்த மனுசன் ஒன்ன நிறுத்தணும்னு திங்காரு. நீ நிக்கணும்னு வாங்கிக் குடுக்க. நடுவுல போறது யாரு காலுட்டி?"

"எண்ண காஞ்சிருச்சிம்மா."

"காயட்டும். ஒனக்குப் போவ பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லு. பயமா இருக்குன்னு சொல்லு. யாரும் ஒன்னத் திங்கப் போறதில்ல. ஆட்டத்தான் தின்னுக்கிட்டு இருக்கீங்க, அப்பனும் மவளும் சேந்து."

அம்மா சொன்னதைச் சொன்னபடி எழுதிவைக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன் என்று பொருள் இல்லை. ஒரு தட்டு முந்திரிக்கொத்து கருகிவிட்டது.

டிசம்பர் 25

காலைப் பூசைக்கு அப்பாவைத் தூக்கிப் போக முடியவில்லை. நானும் அம்மாவும் போய் வந்தோம். மற்ற வீடுகளில் பாலன் இதற்குள் பிறந்தாயிற்று. எங்கள் வீட்டில் அப்பாவுக்காகக் காத்திருந்தார். பாலன் ஒரு கற்கண்டு. கைகால் எதுவும் செய்யவில்லை. அதுதான் சரியாக இருந்தது.

பாலனை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். தொழுவத்தில் கிடத்த அவர் கையை நீட்டியபோது சொன்னேன்:

"அப்பா, நான் மூணாம் தேதி போறேன்."

"ஆபரேஷன்?"

"நடந்தாலும் போறேன். நடக்காட்டியும் போறேன்."

"டிக்கெட்டு மாத்தலாமே பிள்ள."

"மாத்த முடியாதாம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா கையை நீட்டியபடியே இருந்தார். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி. பிறகு பாலனை மாதாவுக்கும், மாதா மேல் கவிழ்ந்து கிடந்த சூசையப்பருக்கும் நடுவில் இடம் பார்த்து வைத்தார். விரலில் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "கேக்கு வெட்டி நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

டிசம்பர் 26

மந்தையில் ஒன்றும் குறையவில்லை.

டிசம்பர் 27

241. ஒன்றும் குறையவில்லை.

ஒரு ஆட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தினேன். பார்வைக்கு அப்படி நன்றாக இருந்தது.

டிசம்பர் 28

ஆடு விளிம்பிலேயே நிற்கிறது. நேற்று எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதே பக்கம் பார்த்து நிற்கிறது. இந்த வீட்டில் இவ்வளவு அமைதியாக ஒரு ஆடு நின்றதில்லை.

மதியம், மூன்றாவது ராஜாவை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாலையில் அப்பா அவரைத் தூக்கி, முகம் தொழுவத்தைப் பார்க்கும்படி, மற்ற ராஜாக்களோடு வைத்தார்.

"வழி தவறிட்டாரு" என்றார்.

188. டாக்டர் நாளைக்கே வரச் சொல்லிவிட்டார். அம்மா போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் மகிழ்ச்சி. மகிழ்ச்சிதான். பெட்டியைத் திறந்து, பிரிக்காமல் இருந்ததைப் பிரித்து, மறுபடி அடுக்கினேன்.

டிசம்பர் 29

எடுத்தாயிற்று. விரல் மட்டும். பாதம் தப்பியது. இரண்டு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து மீதியை விட்டுவிட்டார்.

டிசம்பர் 31

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அம்மாவும் நானும் குடிலைக் கலைத்தோம். மந்திரிச்சது என்பதால் வாளியையும் கழுவித்தான் எடுத்தாள். சுவர், கூரை, ஆடு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. மாதாவையும் சூசையப்பரையும் பிரிக்க முடியவில்லை. அப்படியே போட்டோம்.

கடற்கரையில் மீன் கூடையோடு இருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா கரைக்கீங்க? பிள்ளையாரா?"

"சூசையப்பரு" என்றாள் அம்மா.

"ஒங்களுக்கும் கரைக்கது உண்டா?"

"இந்த வருசம் உண்டு."

முழங்கால் தண்ணீரில் நின்று வாளியைக் கவிழ்த்தோம். ஆரஞ்சுக் கூரை மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது. அலை அதைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தது. அம்மா காலால் தள்ளிவிட்டாள். மூன்றாம் தடவை வரவில்லை.

"மோத்தா டீச்சர் கூரை மாதிரியேதான் இருந்துச்சி" என்றாள், சேலையைப் பிழிந்துகொண்டே.

ஜனவரி 3

பதினொரு மணிக்குக் கார். மதுரைக்குப் போய் அங்கிருந்து விமானம். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அப்பா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கால் போர்வைக்கு வெளியே வெள்ளையாக இருந்தது.

"அங்க குளிரா?"

"மைனஸ்ல இருக்கும்."

"அப்ப மிட்டாய் எளகாது."

"எளகாது."

"நல்ல ஊருதான்."

அம்மா பிளாஸ்க்கைக் கழுவப் போயிருந்தாள். என் கைப்பையில் மூன்றாவது ராஜா இருந்தார். வாளியில் விழாமல் எப்படியோ தங்கிவிட்டார். பையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தாளில் சுற்றியிருந்ததையும்.

தாளைப் பிரித்து, ராஜாவை அப்பாவின் கட்டிலோரத்தில், தண்ணீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். கைக்கு எட்டும் இடம்.

அப்பா இட்லியை நிறுத்தினார். கமர்கட்டை வெகுநேரம் பார்த்தார்.

"மந்திரிச்சதா?"

"ஆமாப்பா."

எடுத்தார். என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பெருவிரலைக் கடைசியில்.

"போ" என்றார்.

கதவருகே அம்மா, கையில் ஈரப் பிளாஸ்க்கோடு நின்றாள். "என்ன பேச்சு இது, கெளம்புற பிள்ளகிட்ட? போயிட்டு வான்னு சொல்லுங்க."

"அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சாலும் சொல்லுங்கங்கேன்."

"நீ சும்மா இரு ரெஜினா. போன்னு சொன்னாத்தான் இவ போவா." என்னைப் பார்த்தார். கண் நன்றாகத் தெளிந்திருந்தது. "போ லெத்தி."

படியிறங்கினேன். காரில் ஏறியதும் ராஜாவை வாயில் போட்டுக்கொண்டேன். எந்த நாட்டுக்குப் போறீங்கம்மா என்று டிரைவர் கேட்டார். கன்னத்தில் புடைப்போடு பதில் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

மதுரை வரை கரையவில்லை.